மேசை முழிச்சிக்கினு கீது

போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்தது. வேப்பம்பட்டில் நாங்கள் குடியிருப்பது மாடி வீடு, படிக்கட்டு குறுகல். கொண்டுவந்த இரண்டு பேரும் நிறைமாதக்காரியை நடத்திக்கொண்டு போவதுபோல அதைப் பக்குவமாகப் பிடித்து மேலே ஏற்றினார்கள். பிளக்கைச் செருகியதும் உள்ளே விளக்கு எரிந்தது. என் மனைவி மேகலா ஆசையாகக் கதவைத் திறக்கப் போனாள். "இரு, இரு" என்று தடுத்துவிட்டு, வலது கையைத் திருப்பி, புறங்கையால் ஃப்ரிட்ஜின் விலாவை மெல்லத் தொட்டேன்.

"இன்னாங்க, காய்ச்சல் அடிக்குதான்னு பாக்குறீங்களா?" என்றாள் அவள்.

வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எலெக்ட்ரிகல் டிப்ளமா படித்தவன், சட்டைப் பையில் டெஸ்டர் வைத்திருக்கிறவன், இப்படிச் செய்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் தொட்டுப் பார்த்து முடித்த பிறகுதான் அவளைத் திறக்க விட்டேன்.

அவர்கள் போனபின் ஃப்ரிட்ஜின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அங்கிருந்த தகட்டிலிருந்து ஒரு வாசனை வந்தது. புதுத் தகர வாளி வாங்கி வந்த அன்றைக்கு வீட்டில் அடிக்குமே, அதே வாசனை. உங்களுக்கு அது வாளி. எனக்கு அது கும்மிடிப்பூண்டி.

பாலிடெக்னிக் முடித்த கையோடு அங்கே ஒரு கால்வனைசிங் தொழிற்சாலையில் பயிற்சியாளனாகச் சேர்ந்தேன். ஊரெல்லாம் கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்த காலம். இரண்டாயிரத்து எட்டோ என்னவோ. இரும்பை அமிலத் தொட்டியில் கழுவி, உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பதுதான் அங்கே தொழில். துருப்பிடித்த சட்டம் உள்ளே போகும். மாப்பிள்ளைக் களையோடு பளபளவென்று வெளியே வரும். பெரும்பாலும் மின்கோபுரங்களுக்குப் போகிற சட்டங்கள். ஊர் ஊராக மின்சாரத்தைத் தூக்கிக்கொண்டு போகிற கோபுரத்தை நாங்கள் செய்தோம். எங்கள் தெருவிலோ கரண்ட் இல்லை. இதைப் பற்றி அப்போதே நிறையப் பேசித் தீர்த்துவிட்டதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

வேப்பம்பட்டும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போகிறவன் பேசின் பிரிட்ஜ் வரை போய், வண்டி மாறி, வடக்கே திரும்பிப் போகவேண்டும். தினமும் அப்படித்தான் போனேன். உட்கார இடம் கிடைத்தால் படிப்பேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை கிழிந்த ஓர் இயற்பியல் புத்தகம் என்னிடம் இருந்தது. பாடம் எனக்குத் தெரிந்ததுதான். ஓரத்தில் கட்டம் கட்டிப் பொடி எழுத்தில் போட்டிருந்த கதைகளுக்காகவே அதைப் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். கட்டத்துக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பதுதான் பரீட்சைக்கு வரும் என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை.

எங்கள் தொழிற்சாலையின் பெயர்ப்பலகையில் இருந்த 'கால்வனைசிங்' என்ற சொல்லுக்குள் ஒரு மனிதரின் பெயர் ஒளிந்திருப்பதை அந்தக் கட்டம் ஒன்றில்தான் கண்டேன். இத்தாலிக்காரர், மருத்துவர். செத்த தவளையின் கால்களை அறுத்துப் பித்தளைக் கொக்கியில் மாட்டியிருக்கிறார். கொக்கி இரும்பில் பட்டதும் உயிரில்லாத கால் வெடுக்கென்று உதைத்திருக்கிறது. தவளைக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்றார் அவர். அதெல்லாம் இல்லை, தவளை சும்மா ஈரத்துணி மாதிரி, மின்சாரம் அந்த இரண்டு உலோகத்தால் வருகிறது என்றார் அதே நாட்டுக்காரர் இன்னொருவர். சண்டை முற்றி, தான் சொன்னதை நிரூபிக்கத் துத்தநாக வில்லையும் வெள்ளி வில்லையும் உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டையுமாக மாற்றி மாற்றி அடுக்கிவிட்டார். அந்த அடுக்குதான் இன்றைக்கு உங்கள் சட்டைப் பையில் இருக்கும் பேட்டரிக்குப் பாட்டன். இரண்டாமவர் பெயரிலிருந்து வந்ததுதான் வோல்ட். ரயில் பாதைக்கு மேலே மண்டை ஓடு வரைந்து இருபத்தையாயிரம் வோல்ட் என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அது அவர் பெயரைத்தான் அத்தனை தடவை சொல்கிறது.

துத்தநாகம்! எங்கள் தொட்டியில் கொதித்த அதே துத்தநாகம். ஈரத்தில் இரும்போடு சேர்ந்திருந்தால் துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். அந்தத் தவளைக்கால் சண்டையின் மிச்சம்தான் அந்தப் பெயர்ப்பலகை. இதைப் படித்த அன்று எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த மீன்கூடைக்காரப் பெரியவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "தவளையத் துன்னுவாங்களா அவுங்க?" என்றார்.

அப்போதிருந்து எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. யார் பேசினாலும் அதில் கரண்ட் சமாசாரம் எத்தனை என்று காது தேட ஆரம்பித்தது. என் அம்மா கையெழுத்துப் போடத் தெரியாதவள். ஆனால் அவள் வாயில் இருநூறு வருட விஞ்ஞானம் சரளமாகப் புரண்டது. "அவனுக்கு பீஸ் பூட்ச்சு", "நமக்கும் அவுங்களுக்கும் கனெக்‌ஷனே கெடையாது", "பொண்ணு வூட்டுக்காரன் ஓடிட்டான்னு கேட்டதும் எனக்கு ஷாக் அடிச்சாப்ல ஆயிடுச்சு." இங்கிலீஷில் கரண்ட் என்றால் ஆற்றில் ஓடுகிற நீரோட்டம். சத்தமோ அசைவோ எதுவும் தெரியாமலே, கம்பிக்குள் ஏதோ ஓடுகிறது என்று ஊகித்தவர்கள் ஆற்றிடம் கடன் வாங்கிய பேச்சு. பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பெயர் வைத்தவர், இடி மழையில் பட்டம் விட்டதாகச் சொல்வார்களே, அந்த அமெரிக்கக்காரர். எது ஓடுகிறது என்று அவர் போட்ட கணக்குத் தப்பு. கம்பியில் ஓடுவது நெகட்டிவ்தான் என்பது வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. அதற்குள் எல்லோருக்கும் வாய் பழகிவிட்டது. இன்றைக்கும் சர்க்யூட் படத்தில் அம்புக்குறியைத் திருப்பித்தான் போடுகிறோம்.

வாய் பழகினால் எதுவும் சரியாகிவிடும் என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சொல் இருந்தது. அதற்குச் சிரிப்பு வராது.

நான் ஆறாவது படிக்கும்போது என் சித்தப்பா செத்துப்போனார். செவ்வாப்பேட்டைப் பக்கம் யாரோ ஒருவருடைய வயலில் கூலி வேலை. மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தவர், விடவில்லை. "கரண்ட் இழுத்துக்கிச்சு" என்றார்கள். ஏதோ ஒரு பிசாசு உள்ளேயிருந்து கை நீட்டி இழுத்துக்கொண்டதுபோல. என்ன செய்ய முடியும், இழுத்துக்கொண்டது என்று நெற்றியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பெட்டியை யாரும் கேள்வி கேட்கவில்லை. பெட்டிக்காரரையும் கேட்கவில்லை.

நான் எலெக்ட்ரிகல் எடுத்ததற்கு வேறு காரணம் இல்லை. பாலிடெக்னிக்கில்தான் தெரிந்தது. கரண்ட் யாரையும் இழுப்பதில்லை. உள்ளங்கையில் பட்டால் தவளைக்கால் உதைத்ததுபோல நம்முடைய தசை சுருங்குகிறது. விரல்கள் தாமாக மூடி, பிடித்ததை இறுக்கிக்கொள்கின்றன. சித்தப்பாவை அவர் கையே விடவில்லை. இதை வீட்டில் வந்து சொன்னபோது அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

தொழிற்சாலைக்கு வருகிறேன். துத்தநாகத்தில் முக்கி எடுத்த சட்டங்களில் அங்கங்கே சொட்டு சொட்டாக உறைந்து நிற்கும். அதைத் தேய்த்து எடுப்பது பின்கட்டில் பெண்களின் வேலை. நீளமான இரும்பு மேசை. ஆளுக்கொரு கை கிரைண்டர். காலுக்குக் கீழே எந்நேரமும் ஈரம். அவர்களுக்கெல்லாம் தலைவி எஸ்தர் அக்கா. சுற்றுப்பட்டு கிராமத்துக்காரர். ஒரு தலைமுறைக்கு முன்னால் நாற்று நட்ட குடும்பம். உருவம் சின்னது, குரல் பெரியது. கிரைண்டர் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அப்படி ஆகிவிட்டது.

முதல் வாரமே கவனித்தேன். காலையில் யாரும் மேசை அருகே போகமாட்டார்கள். எஸ்தர் அக்கா மட்டும் போய், வலது புறங்கையால் மேசையைத் தொட்டு, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு அறிவிப்பார். "தூங்குது" என்றால் எல்லோரும் வேலையை ஆரம்பிப்பார்கள். "முழிச்சிக்கினு கீது" என்றால் கோணிச் சாக்கை மடித்துக் காலுக்குக் கீழே போட்டுக்கொண்டு, அப்போதும் வேலையை ஆரம்பிப்பார்கள்.

"அக்கா, இன்னாக்கா இது?" என்றேன்.

"மேசைக்குக் கோவம் வரும் தம்பி. மழ பேஞ்சா ரொம்ப முழிச்சிக்கும். நாங்க பாத்துக்குவோம், நீ போய் நாஷ்டா துன்னு."

நான் டெஸ்டரை மேசையில் வைத்தேன். விளக்கு கண் சிமிட்டாமல் எரிந்தது. மேசையிலிருந்து மண்ணுக்குப் போகிற எர்த் பட்டையைத் தேடிக்கொண்டு போனேன். அமிலத் தொட்டிக்குப் பின்னால் அதை அமிலப் புகை தின்று தீர்த்திருந்தது. தொட்டதும் அப்பளமாக உதிர்ந்தது. ஏதோ ஒரு கிரைண்டரின் ஒயர் தேய்ந்து மேசைக்குக் கசிகிறது. கசிந்தது போக வழியில்லாமல் மேசையிலேயே நிற்கிறது. யாராவது ஈரக்காலோடு வந்து வழிகொடுக்கக் காத்திருக்கிறது.

பிளான்ட் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு எதற்கெடுத்தாலும் ஒரே மருந்து உண்டு. "நெகட்டிவா பேசாதப்பா. பி பாசிட்டிவ். டெஸ்பாட்ச் தலைக்கு மேல இருக்கு, இப்பப் போய் லைன நிறுத்தச் சொல்றியே?" என்றார். ஓடுறதே நெகட்டிவ்தான் சார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த அருமையான பதில் சாயங்காலம் பேசின் பிரிட்ஜில் இறங்கும்போதுதான் தோன்றியது. பிளாட்பாரத்தில் நின்று அதை எனக்கு நானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார். கோபுரம் வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். பின்கட்டுப் பெண்கள் மேசையைத் தொட்டுக் கும்பிடுவதை அவர்கள் பார்த்தால் மானம் போய்விடும். "அவங்க முன்னாடியே நீ ஒரு சேஃப்டி கிளாஸ் எடு. மேசையைக் கும்பிடறது மூடநம்பிக்கை, நம்ம எர்த்திங் எல்லாம் பக்கான்னு சொல்லு. நல்லா எடுத்தா இந்த மாசமே உன்னை கன்ஃபர்ம் பண்ணிடறேன்."

கன்ஃபர்ம். அந்தச் சொல்லுக்காகத்தான் என் அப்பா லாரியில் மூட்டை ஏற்றினார். எங்கள் தெருவில் நிரந்தர வேலை என்ற ஒன்றை யாரும் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. அன்று ரயிலில் புத்தகத்தைத் திறக்கவில்லை. மேசை பக்கா என்று என் வாயால் சொல்லிவிட்டால், அப்புறம் ஒருநாள் அந்தப் பெண்களில் ஒருத்தி கீழே கிடந்தால், ஊரார் நெற்றியைத் தொட்டுக்கொண்டு இழுத்துக்கிச்சு என்பார்கள். நானும் கூட நின்று தலையாட்ட வேண்டும்.

ஆய்வாளர்கள் வந்தார்கள். கேன்டீன் கொட்டகையில் பெஞ்சு போட்டு, முன்வரிசையில் அவர்களும் மேனேஜரும், பின்னால் பெண்களும். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"ஒரு ஊர்ல ஒரு தவளை இருந்துச்சு."

"அய்ய, கத சொல்லவா எங்க வேலய நிறுத்தி இட்டாந்தீங்க?" என்றது எஸ்தர் அக்காவின் பெரிய குரல். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் எனக்குப் பயம் போய்விட்டது.

செத்த கால் உதைத்த கதையைச் சொன்னேன். எல்லோரையும் கையை நீட்டச் சொல்லி, விரல் எந்தப் பக்கம் மடங்குகிறது என்று பார்க்கச் சொன்னேன். "உள்ளங்கையால தொட்டா கை மூடி அதையே புடிச்சுக்கும். புறங்கையால தொட்டா மூடுற கை வெலகி வந்துடும். எஸ்தர் அக்கா செய்யறது கும்புடு இல்ல. உசுர் பயம். கண்ணுல ஒத்திக்கறது கை தப்பிச்சுதேன்னு."

"நான் வேதக்காரி, மேசக்கா கும்புடு போடுவேன்?" என்று அக்கா மேனேஜரைப் பார்த்துக் கேட்டார். மேனேஜர் ஆய்வாளர்களைப் பார்த்துச் சிரித்தார்.

அங்கேயே நான் முடித்திருக்கலாம். எல்லோருக்கும் சந்தோஷமாக முடிந்திருக்கும். நான் முடிக்கவில்லை.

"ஆனா அக்கா, நீங்களும் தப்புதான் பண்றீங்க. மேச தூங்கறதும் இல்ல, முழிக்கறதும் இல்ல. அதுக்கு எர்த் இல்ல. அந்தப் பட்டை இத்துப்போய் எத்தினி நாளாச்சோ தெரியாது. நான் டெஸ்டர் வெச்சுப் பாத்தேன். சாக்கு போட்டா தப்பிச்சிடலாம்னு நெனைக்காதீங்க. சாக்கு நனைஞ்சா அன்னிக்கி யாரோ ஒருத்தர் போயிடுவீங்க. எங்க சித்தப்பா அப்படித்தான் போனாரு."

ஆய்வாளர்களில் ஒருவர் பேனாவை மூடினார். மேனேஜர் எழுந்து, "பையன் புதுசு, கொஞ்சம் எமோஷனல்" என்றார். "எல்லாரும் வேலைக்குப் போங்க."

எஸ்தர் அக்கா எழுந்தார். வேலைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கொட்டகைக்கு வெளியே அடுக்கி வைத்திருந்த கோபுரச் சட்டங்கள்மேல் போய் உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"மிஷினத் தொடமாட்டோம்."

"டெஸ்பாட்ச் நின்னா யாரும்மா பதில் சொல்றது?" என்றார் மேனேஜர்.

"நாங்க செத்தா நீ சொல்லுவியா நைனா பதிலு? அத மொதல்ல சொல்லு. அப்பால டெஸ்பாட்சு."

நான் எங்கே போவது என்று ஒரு கணம் தெரியவில்லை. ஸ்டாஃப் ஆட்கள் எல்லாம் ஆபீஸ் பக்கம் நின்றார்கள். நானும் ஒருவகையில் ஸ்டாஃப்தான், சட்டையில் பேட்ஜ் இருந்தது. போய்ச் சட்டங்கள்மேல் உட்கார்ந்தேன். வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது இரும்பு. "எங்கள உசுப்பி உட்டுட்டு நீ ஆபீஸு பக்கம் போயிருந்தே, செருப்பாலயே அடிச்சிருப்பேன்" என்று சொல்லி எஸ்தர் அக்கா தன் சாக்கை மடித்து எனக்குக் கீழே போட்டார்.

ஆய்வாளர்கள் எதிரிலேயே டெஸ்பாட்ச் நின்றுவிட, மேனேஜருக்கு வேறு வழியில்லை; அன்று மத்தியானமே ஆட்கள் வந்து எர்த் போடக் குழி தோண்டினார்கள். உள்ளே குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்புமாக மாற்றி மாற்றிக் கொட்டினார்கள். "இன்னாடா, கருவாடு போடுறீங்களா?" என்று அக்கா வேடிக்கை பார்த்தார். புதுப் பட்டையை, அமிலப் புகை எட்டாத வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, மேசையில் நானே போல்ட் போட்டு முறுக்கினேன். தேய்ந்த ஒயரைக் கண்டுபிடித்து வெட்டி எறிந்தேன். அக்கா வந்து கையைத் திருப்பி மேசையைத் தொட்டார். ரொம்ப நேரம் தொட்டுக்கொண்டே நின்றார்.

"தூங்குதாக்கா?"

"இல்லடா. செத்துப்பூட்ச்சு."

பெண்கள் கை தட்டினார்கள். எனக்கு யாரும் கை தட்டியது அதுதான் முதல் தடவை.

மாதக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டு, எனக்கும் கம்பெனிக்கும் செட் ஆகவில்லை என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பேட்ஜைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் அப்பாவிடம் சொன்னேன்.

"பொம்பளைங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?"

"இல்லப்பா."

"உன் சித்தப்பன் வேல செஞ்ச எடத்துல இத்த சொல்றதுக்கு ஒரு ஆளு இல்லடா" என்றார். பிறகு, "வேற வேல கெடைக்கும். போ, போய் சோறு துன்னு."

கிடைத்தது, அது வேறு கதை. அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை. போன வருடம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், பார்சல் கம்பெனிக்காரர்கள் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். துத்தநாகத் தொட்டியும் இல்லை, அமில நெடியும் இல்லை. எங்கள் கருவாட்டுக் குழி சிமென்ட் தளத்துக்குக் கீழே எங்கோ இருக்கிறது. ஒருவேளை இன்னும் வேலை செய்துகொண்டும் இருக்கலாம்.

திரும்பும்போது கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் எஸ்தர் அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது, குரல் அப்படியே இருந்தது. பிஸ்கட் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை. கூடவே அதே யூனிஃபார்மில் ஒரு சின்னப் பெண்.

"இப்பல்லாம் ஒரு பேஜாரும் இல்ல தம்பி. லேசா கசிஞ்சாலே பட்டுனு தானா ஆஃப் ஆயிடுது. தொட்டுப் பாக்குற வேலயே இல்ல" என்றார். பிறகு பக்கத்தில் இருந்த பெண்ணின் தோளை இடித்தார். "ஏம்மே, மேச முழிச்சிக்கினு கீதுன்னா இன்னான்னு தெரியுமா?"

அந்தப் பெண் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கி, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மேச எப்படிக்கா முழிக்கும்?"

தவளைக்காலில் பிறந்த சொல் உலகம் முழுக்க வாழ்கிறது. ஈர மேசையில் பிறந்த எங்கள் சொல் ஒரு பின்கட்டோடு செத்துப்போனது. பழைய சொல் போனால் வருத்தப்பட வேண்டும் என்பார்கள். நான் வருத்தப்படமாட்டேன். அந்தப் பெண்ணுக்கு அது புரியவில்லை. புரியவே வேண்டாம்.